ஒரு மாதத்து ஒரம்பரை

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால் கோயமுத்தூர்த் தெருக்களில் நாய்க்குட்டிகளின் காலம் தொடங்கிவிடும். சாக்கடைப் பாலத்துக்கு அடியில், கட்டி முடிக்காத வீட்டின் மணல் குவியலில், உக்கடம் பக்கம் நிற்கிற பழைய லாரியின் நிழலில்... எங்கே பார்த்தாலும் ஐந்தாறு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தூங்கிக்கொண்டிருக்கும். யாராவது ஒருவர் வண்டியை நிறுத்திச் செல்போனில் படம் எடுப்பார். மாலைக்குள் அந்தப் படம் பத்து வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிடும். "பாவம், அம்மா நாய் வண்டில அடிபட்டுருச்சு, யாராச்சும் எடுத்துக்கறீங்களா?" என்று கீழே ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே ஐம்பது பேர் "அச்சச்சோ" என்பார்கள். முப்பது பேர் அழுகிற முகம் போடுவார்கள். இருபது பேர் வேறு யாரையாவது கோத்துவிட்டுப் போய்விடுவார்கள். "என் வீட்டுக்குக் கொண்டு வாங்க" என்று ஒருவர் சொல்வதற்குள் குட்டிகளில் இரண்டு குறைந்திருக்கும்.

அந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் நாயைத் தத்தெடுப்பவர் அல்ல. அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கலாம், இடம் இல்லாமல் இருக்கலாம், நிரந்தரமாக ஒன்றை வைத்துக்கொள்ளும் எண்ணமே இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் தெருவிலிருந்து எடுத்த நாய்க்கு நல்ல வீடு கிடைக்கும் வரை, ஒரு மாதமோ மூன்று மாதமோ, தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, மருந்து கொடுத்து, மனிதர்களோடு பழக்கி, பிறகு வேறொருவர் கையில் ஒப்படைப்பவர். இதற்கு "ஃபாஸ்டர்" என்று பெயர். தமிழில் நல்ல சொல் ஒன்றும் இன்னும் நிலைக்கவில்லை. "தற்காலிக வளர்ப்பு" என்றால் அரசாங்க விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. கொங்கு நாட்டுக்காரர்களிடம் கேட்டால் பொருத்தமான சொல் ஒன்று உண்டு. ஒரம்பரை! வீட்டுக்கு வந்து தங்கிப் போகிற சொந்தக்காரர்களை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஒரம்பரை வந்தால் கோழி அடிப்போம், பாய் விரிப்போம், போகும்போது வாசல் வரை வந்து அனுப்புவோம். ஃபாஸ்டர் நாய் என்பது ஒரு மாதத்து ஒரம்பரை. கடைசியில் போயாக வேண்டும். இதில் உள்ள சந்தோஷமும் அதுதான், வயிற்றெரிச்சலும் அதுதான்.

சரி, இதற்கென்று காப்பகங்கள் இருக்கின்றனவே, வீட்டில் எதற்கு வைக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோவையில் 2006இல் தொடங்கிய ஹியூமேன் அனிமல் சொசைட்டி என்ற அமைப்பு மாநகராட்சியோடு சேர்ந்து சீரநாயக்கன்பாளையத்தில் தெருநாய்களுக்குக் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி போடும் வேலையைச் செய்துவந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மினி வாசுதேவனுக்கு 2019 மகளிர் தினத்தன்று நாரி சக்தி புரஸ்கார் விருதும் கிடைத்தது. பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் கருத்தடை மையமோ காப்பகமோ ஒருநாளும் வீடு ஆகாது. அடிபட்டது, சொறி பிடித்தது, குட்டி போட்டது, கண் தெரியாதது என்று நாள் தவறாமல் நாய்கள் வந்துகொண்டே இருக்கும் இடத்தில், ஊசிகூடப் போடாத ஆறு வாரக் குட்டியைக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? மற்ற நாய்களிடம் இருக்கிற நோயெல்லாம் முதலில் அதைத்தான் பிடிக்கும். அதோடு, கூண்டிலேயே வளர்ந்த குட்டிக்கு மிக்ஸி சத்தம் தெரியாது, மாடிப்படி தெரியாது, குழந்தை ஓடிவந்தால் என்ன செய்வது என்று தெரியாது. அதை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரே வாரத்தில் "இது சரிப்படாதுங்க" என்று திரும்ப வந்துவிடும். வீட்டில் வாழக் கற்றுக்கொள்ள வீடுதான் வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தாய் நாய் உயிரோடு பக்கத்தில் இருந்தால் குட்டியைத் தூக்கவே கூடாது. தாய் இரை தேடிப் போன நேரத்தில் தனியாகக் கத்துகிற குட்டியைப் பார்த்து, அநாதை என்று முடிவுகட்டி எடுத்துப்போகிற நல்ல மனசுக்காரர்கள் நிறைய. எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்த குட்டிதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது விட வேண்டும் என்பதையெல்லாம் கற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் தாய்க்குச் சோறு வைப்பதும், குட்டிகள் பால் மறந்தபின் தாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோவதும்தான் பெரிய உதவி. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காது என்பதுதான் குறை!

தாய் இல்லாத குட்டி என்றால் கதை வேறு. மூன்று வாரத்துக்குக் குறைந்த குட்டியாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும், ராத்திரியிலும்தான். பாக்கெட் பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது, பேதியாகிவிடும். நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது, மருத்துவரைக் கேட்டு அதைக் கொடுப்பது நல்லது. அவ்வளவு சின்னக் குட்டிக்கு ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகக்கூடத் தானாகத் தெரியாது. தாய் நக்கிவிடுவதுபோல ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். காலை 3 மணிக்கு, மறுநாள் இன்டர்னல் பரீட்சையை வைத்துக்கொண்டு, ஈரப் பஞ்சும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவாகச் சிரிப்பு வராது.

பெரிய நாய் வந்தால் வேலை இன்னொரு விதம். வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளும். மூன்று நாளைக்கு அங்கேதான். தட்டை வைத்துவிட்டு ஆள் நகர்ந்தால்தான் சாப்பிடும். துடைப்பத்தை எடுத்தால் உடம்பெல்லாம் நடுங்கும். அதைப் பார்த்தால் போதும், இதற்கு முன்னால் அந்த நாய்க்கு என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்லவே வேண்டாம். இந்த நேரத்தில் பலர் செய்கிற தப்பு, பாசத்தைக் கொட்டுவது. கையை உள்ளே விட்டு இழுப்பது, மடியில் வைத்துக் கொஞ்சுவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவது. நாய்க்கு அப்போது வேண்டியது பாசம் அல்ல, நிம்மதி. பழகியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை புரிய மூன்று வாரம், இது நம் வீடுதான் என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இந்தக் கணக்கு சரியாக வரும் என்றில்லை. ஆனால் அவசரப்படுகிறவர்களுக்குச் சொல்லிவைக்க நல்ல கணக்கு.

பிறகு ஒருநாள் அது வெளியே வரும். யாரும் கூப்பிடாமல், தானாக, டிவி ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் மெல்ல வந்து, ஒரு கை தூரத்தில் உட்காரும். மறுநாள் அரைக் கை தூரம். அதற்கடுத்த நாள் யாருடைய பாதத்தின் மேலாவது தலையை வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடும் பாருங்கள்... நாய் வளர்க்கிறவர்களெல்லாம் இதற்காகத்தான் வளர்க்கிறார்களோ என்று தோன்றும். நாலடியாரில் ஒரு பாட்டு நாயையும் யானையையும் ஒப்பிட்டுப் பேசுகிறது. எறிந்த வேல் உடம்பிலேயே இருக்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து நாய் வாலாட்டுமாம், யானையோ பழகிய பாகனையே கொன்றுவிடுமாம். எழுதியவர் யாராக இருந்தாலும் அடிபட்ட நாய் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் நடக்கிற மாற்றமும் வேடிக்கைதான். "ரெண்டே ரெண்டு நாளைக்குத்தான், இப்பவே சொல்லிப்போட்டேன்" என்று முதல் நாள் கத்துகிற அப்பா, பத்தாம் நாள் டீக்கு வைத்த பிஸ்கட்டில் பாதியை மேசைக்கு அடியில் விட்டுக்கொண்டிருப்பார். "ஏங்கண்ணு, இதெல்லாம் நமக்கெதுக்கு?" என்று கேட்ட அம்மா, கறிக்கடையில் கோழிக் கழுத்தையும் காலையும் தனியாக வாங்கிவந்து மஞ்சள் போட்டு வேகவைப்பார். ஒன்றும் பேசாமல் திண்ணையில் கிடக்கிற ஆத்தாவிடம் பேச்சுத் துணைக்கு அது போய்ப் படுத்துக்கொள்ளும். இவையெல்லாம் எந்தக் காப்பகத்திலும் நடக்காது.

ஆனால் எல்லாக் கதையும் இப்படிப் போவதில்லை. நாய்க்குட்டி எடுத்து வளர்க்கிறவர்களிடம் "பார்வோ" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறிவிடும். 1978வாக்கில் உலகத்துக்குத் தெரியவந்த வைரஸ் அது. ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள, தடுப்பூசி போடாத குட்டிகளைத்தான் அதிகம் தாக்கும். காலையில் பந்து மாதிரி ஓடிய குட்டி மாலையில் சோர்ந்து படுக்கும். சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காது. பிறகு வாந்தி, பிறகு இரத்தப் பேதி. அந்த நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் ஆயுளுக்கும் மறக்காது என்பார்கள். கொல்வது பெரும்பாலும் நீர் வற்றிப்போவதும் அதன்பின் வருகிற கிருமித் தொற்றும்தான். அதனால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி, ஐந்தாறு நாள் விடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துவிடும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டால் பெரும்பாலானவை பிழைக்காது. வித்தியாசம் ஒரு ராத்திரிதான்.

குட்டி செத்துப்போனாலும் வைரஸ் வீட்டை விட்டுப் போகாது. தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சமயத்தில் ஒரு வருடம்கூட இருக்கும். வீட்டில் எல்லாரும் ஊற்றுகிற பினாயில் அதை ஒன்றும் செய்யாது, ப்ளீச்சிங் கரைசல்தான் கேட்கும். அதாவது, பார்வோ வந்த வீட்டில் ஊசி போடாத அடுத்த குட்டியை உடனே வைக்க முடியாது. ஒரு குட்டியை இழந்த துக்கத்தில் இருப்பவரிடம் "இன்னும் ஆறு மாசத்துக்கு உங்க வீட்டுக்குக் குட்டி தர முடியாதுங்க" என்று சொல்ல வேண்டியிருக்கும். இத்தனைக்கும் இது தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய். ஆறெட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போட்டுக்கொண்டே வந்தால் போதும். தெருவில் பிறந்த குட்டிக்கு அதைப் போடத்தான் ஆள் இல்லை.

பார்வோ போக டிஸ்டம்பர் இருக்கிறது. கண்ணிலும் மூக்கிலும் ஒழுகி, பாதம் தடித்து, கடைசியில் வலிப்பு வரும். உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது. தீபாவளி வெடிச் சத்தத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, திரும்பி வராமலே போவதும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் துக்கம். ஆனால் சாவு வீட்டுக்காவது துக்கம் கேட்க வருவார்கள். "ஒரு நாய்க்குப் போயி இப்பிடி அழுவறயே" என்கிற ஊரில் இந்தத் துக்கத்தைச் சொல்லவும் ஆள் கிடையாது.

வீட்டுக்காரர் பிரச்சினை தனி. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நாய் என்றாலே தினம் ஒரு பஞ்சாயத்து. "ஏனுங், நல்லவங்கன்னு வீடு குடுத்தா தெருநாயக் கொண்டாந்து கட்டிவெச்சுருக்கறீங்க?" என்று வீட்டுக்காரம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது? அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்ப்பதை அடியோடு தடைசெய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினால் சண்டையில் ஜெயிக்கலாம், அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

அதற்காக எதிர்ப்புத் தெரிவிக்கிறவர்களையெல்லாம் ஈரமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவதும் தப்பு. நாய்ப் பிரியர்கள் பலர் செய்கிற தப்பு இது. வெறிநோய் என்பது கற்பனைப் பயம் அல்ல. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற மதிப்பீடு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் குன்னூரில் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. அது அங்கே வந்ததே ஒரு சாவினால்தான். 1902இல் ஒரு வெள்ளைக்கார இளம்பெண் வெறிநோயால் இறந்தார். அப்போது சிகிச்சை இருந்தது, ஆனால் வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலியில்! அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியவில்லை. அதன் பிறகு ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையில் உருவாகி 1907இல் குன்னூர் நிலையம் செயல்படத் தொடங்கியது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று தாத்தா பாட்டிகள் சொல்வார்களே, ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து 2000களின் நடுவில் கைவிடப்பட்டு, இப்போது கையில் போடுகிற நாலைந்து ஊசியாகிவிட்டது. மருந்து மாறினாலும் பயம் மாறவில்லை, மாறவும் தேவையில்லை. தெருநாயை வீட்டில் வைக்கிறவர்கள் முன்கூட்டியே தங்களுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்வதும், கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போவதும் கட்டாயம். பாசத்தால் வெறிநோய் நிற்காது.

நகரத்தை விட்டுக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் கோபத்தின் காரணம் வேறு. அங்கே கொறங்காடு என்று ஒரு முறை உண்டு. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில் செம்மறி ஆடுகளை விட்டுவிட்டால் அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும், ஆள் காவல் தேவையில்லை. தலைமுறைகளாக நடந்துவந்த முறை. அந்த வேலிக்குள் ராத்திரியில் நாய்க்கூட்டம் புகுந்துவிட்டால் விடியும்போது பத்து இருபது ஆடுகள் குதறிக் கிடக்கும். தின்பதற்காகக்கூட இருக்காது, துரத்துகிற வெறிதான். 2024, 2025ஆம் ஆண்டுகளில் அந்த வட்டார விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்து போராடியதும், பிறகு அரசு இழப்பீடு அறிவித்ததும் செய்திகளில் வந்தன. ஆட்டை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற குடும்பத்திடம் போய் நாயின் நன்றியைப் பற்றிப் பேச முடியுமா?

ஆனால் அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன என்று யோசிக்க வேண்டாமா? தோட்டத்துச் சாளையில் காவலுக்கு வளர்த்த பட்டிநாய் போட்ட குட்டிகளில் பெட்டைகளைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிடுவது கிராமத்து வழக்கம். காரில் கொண்டுவந்து பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போவது டவுன் வழக்கம். விட்டவர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது, நாய் மறைவதில்லை. அது பசியோடு அலையும், கூட்டம் சேரும், ஆறு மாதத்தில் குட்டி போடும். ஒரு பெட்டைக்குட்டியை ஒருவர் மூன்று மாதம் வீட்டில் வைத்திருந்து, ஊசி போட்டு, கருத்தடைக்கு ஏற்பாடு செய்து, பொறுப்பான கையில் கொடுத்தால் ஒரு கொறங்காட்டுக்கு வரவேண்டிய கூட்டம் ஒன்று உருவாகாமலே போகிறது. ஃபாஸ்டர் என்பது நாய்க்குச் செய்கிற உதவி மட்டும் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம். தேய்பிறை அஷ்டமிக்கு அவிநாசி போய்ப் பைரவருக்கு மாலை சாத்திவிட்டு, திரும்புகிற வழியில் அவர் வாகனத்தை எல்லையில் இறக்கிவிடுகிற பக்தர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கட்டுரை நீண்டுவிடும். விடுங்கள்.

குட்டி தேறிவிட்டது, ஊசி போட்டாகிவிட்டது, ஒன்றுக்குப் போக வாசலுக்கு ஓடக் கற்றுக்கொண்டுவிட்டது. இனி ஆள் தேட வேண்டும். இங்கேதான் நம் மக்களின் குணம் தெரியும். "ஆண் குட்டியா?" என்பது முதல் கேள்வி. "என்ன கலருங்க?" என்பது இரண்டாவது. வெள்ளை என்றால் வரிசையில் நிற்பார்கள். செவலைக்கும் கருப்புக்கும் ஆள் வராது, பெட்டை என்றால் போனை வைத்துவிடுவார்கள். "நாட்டு நாய்ங்களா? லேப் மாதிரி ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க." அந்த லேப்பையும் ஹஸ்கியையும் ஆசையாக வாங்கி, ஊரடங்கு முடிந்ததும் ரோட்டில் விட்டவர்களும் இருக்கிறார்கள். பனி தேசத்துக்கென்று ஆன ரோமத்தோடு ஒரு ஹஸ்கி சித்திரை வெயிலில் நாக்கு தொங்க அலைவதைப் பார்க்கச் சகிக்காது. நம் தெரு நாய்க்கு இந்த வெயில் பழக்கம், இந்தச் சோறு பழக்கம். பெட்டை நாய்கள் காவலிலும் பாசத்திலும் ஒரு படியும் குறைந்தவை அல்ல. கருத்தடை செய்துவிட்டால் குட்டி போடுமே என்ற கவலையும் இல்லை. இத்தனையும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தபின் ஒரு குடும்பம் வரும். சிங்காநல்லூரோ சூலூரோ, சொந்த வீடு, சுற்றுச்சுவர், கேட். பிள்ளைகள் மண்டியிட்டு உட்கார்ந்து கையை நீட்டுகிறார்கள். குட்டி வாலாட்டுகிறது.

அப்போதுதான் வயிறு பிசையும்.

ஏனென்றால் இது நல்ல வீடு என்று தெரியும். கொடுக்க வேண்டும் என்றுதான் மூன்று மாதமாகப் பாடுபட்டதே. ஆனால் வண்டியில் ஏற்றும்போது குட்டி திரும்பிப் பார்க்கும். எதற்கு அனுப்புகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. தெருவிலிருந்து ஒருமுறை கைவிடப்பட்டது, இப்போது இன்னொரு முறை என்றுதான் நினைக்குமோ? வீட்டுக்குள் வந்தால் கட்டிலுக்கு அடியில் பாதி கடித்த செருப்பு கிடக்கும். ராத்திரி எட்டு மணிக்குப் பழக்கத்தில் ஒரு தட்டு அதிகமாக எடுத்து வைத்துவிடுவார்கள். முதல் நாய்க்கே பலர் இந்த இடத்தில் உடைந்துபோய், "இல்லைங்க, நாங்களே வெச்சுக்கறோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நாய்க்கு நல்லதுதான். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் அந்த வீட்டின் கதவு அத்தோடு மூடிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒரு நாய் பன்னிரண்டு பதிமூன்று வருடம் வாழும். அதே வீடு வருடத்துக்கு மூன்று நாய்களை மூன்று நான்கு மாதம் வைத்திருந்து அனுப்பினால் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் முப்பத்தாறு நாய்கள். காப்பகக்காரர்களுக்கு நாய் மேல் பாசமுள்ளவர்கள் பஞ்சமே இல்லை. பாசம் வைத்தபின் அனுப்பிவைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். "எனக்கு மனசு தாங்காது, அதனால் ஃபாஸ்டர் பண்ண மாட்டேன்" என்று சொல்பவர்கள், செய்கிறவர்களுக்கு மனசு தாங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தாங்குவதில்லை. தாங்காமலேதான் செய்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் புது வீட்டிலிருந்து ஒரு வீடியோ வரும். குட்டி அந்த வீட்டுச் சோபாவில் மல்லாந்து தூங்கும். பெயர்கூட மாற்றியிருப்பார்கள். மணி இப்போது ப்ரூனோ! சந்தோஷமும் ஒரு சின்னப் பொறாமையும் சேர்ந்து வருகிற அந்த நிமிடத்துக்குத் தமிழில் மட்டுமல்ல, எந்த மொழியிலும் சொல் இருக்காது.

2025இல் இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆகஸ்ட் 11ஆம் தேதி தில்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி ஓர் உத்தரவு. ஆகஸ்ட் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டபின் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு என்றது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பில் விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. நவம்பர் 7ஆம் தேதி வந்த உத்தரவுதான் மாணவர்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு அரங்குகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அகற்றியதை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது அது.

உத்தரவு சரியா தப்பா என்று தெருவுக்குத் தெரு பட்டிமன்றம் நடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாய் திரியக் கூடாது என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. ஆனால் அகற்றுங்கள் என்று எழுதுவது ஒரு வரி. அகற்றியதை எங்கே வைப்பது என்பது அந்த ஒரு வரிக்குள் அடங்காது. எத்தனை காப்பகம் கட்டினாலும், அதிலிருந்து வீடுகளுக்குப் போகிற வழி இல்லாவிட்டால் அது சில மாதத்தில் நிரம்பிவிடும். வழி என்பது நாய்களை மனிதர்களோடு பழக்கி அனுப்புகிற வீடுகள்தான். கட்சி பிரிந்து சண்டை போட்ட இரண்டு பக்கத்தாரிலும் அதற்குக் கைதூக்கியவர்கள் எத்தனை பேர்?

கோவையில் கல்லூரிகளுக்கா குறைச்சல்? ஒவ்வொரு கல்லூரியிலும் கேன்டீன் வாசலில் நாலு நாய் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சீனியர்கள் வைத்துவிட்டுப் போன பெயர் இருக்கும். ஹாஸ்டல் மாணவர்களால் நாய் வைத்துக்கொள்ள முடியாது, வாங்குகிற பன்னில் பாதி போடுவதோடு சரி. விடுமுறை வந்தால் அந்தப் பாதி பன்னும் நின்றுவிடும். ஆனால் தினமும் வீட்டிலிருந்து வந்து போகிற மாணவர்கள் பாதிப்பேர். அதில் சிலர் வீட்டிலாவது ஒரு மொட்டை மாடி, ஒரு பின்கட்டு, ஒரு தாழ்வாரம் இருக்கும். குட்டிகள் என்றால் அவர்களில் நாலு பேர் முன்வருவார்கள், அதில் சந்தேகம் இல்லை. குட்டிகளுக்கு ஆளும் கிடைத்துவிடும்.

கிடைக்காதது, பத்து வருடமாக அதே மரத்தடியில் படுத்திருக்கிற, வாட்ச்மேன் விசில் அடித்தால் மட்டும் எழுந்து பார்க்கிற, முகவாய் நரைத்துப்போன கிழ நாய்க்குத்தான். அதைத் தத்தெடுக்க யாரும் விண்ணப்பம் போட மாட்டார்கள். ஃபாஸ்டர் என்று ஒரு வீட்டுக்குப் போனால் அதுவே கடைசி வீடாகவும் இருந்துவிடும். ஆனால் கிழ நாய் செருப்பைக் கடிக்காது, ராத்திரி கத்தாது, ஓடிப்போகாது. நாளில் முக்கால்வாசி தூங்கும். பல் போயிருக்கும், அதனால் சோற்றைக் கொஞ்சம் குழைவாக வடித்து, மேலே ஒரு முட்டையை உடைத்துப் போட வேண்டும். மழைக்காலத்தில் மூட்டு வலிக்கும், பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போட்டால் அதன்மேல் சுருண்டுகொள்ளும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ. அதற்குமேல் அது ஒன்றும் கேட்காது.